தம்பி அனுப்பிய ஸ்பானிஷ் பெயர்கள்

என் தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்து ஐந்து மாதம் வரை அதற்குப் பெயர் இல்லை. பிறப்பை மட்டும் பதிந்து சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். பெயர் எழுத வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. அத்தை என்ற முறையில் அந்தக் காலி இடம் என் தலையில் விழுந்தது.

தம்பி ஸ்பெயினில், கடலோர ஊர் ஒன்றில், ஓட்டல் சமையல்கட்டில் வேலை பார்க்கிறான். நாங்கள் இந்துக்கள். அவன் மனைவி கீரமங்கலம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். காதல் கல்யாணம். இரண்டு வீட்டாரும் முகம் கொடுத்துப் பேசவே இரண்டு வருஷம் ஆனது. இந்தப் பக்கத்துப் பெயரும் வேண்டாம், அந்தப் பக்கத்துப் பெயரும் வேண்டாம், ஸ்பானிஷ் பெயராக வைத்துவிட்டால் யாருக்கும் மனவருத்தம் இருக்காது என்று அவனாகவே முடிவு செய்துவிட்டான். மனைவியையும் குழந்தையையும் அங்கே கூட்டிக்கொள்ள பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். அதற்குப் பெயர் வேண்டும். திருக்கோகர்ணத்தில் குடும்பத்தையும் பார்த்துக்கொண்டு, பள்ளிக்கூட வேலைக்கும் போய்க்கொண்டு, இந்த அலைச்சலையும் நான்தான் பட வேண்டும்.

வாட்ஸ்அப்பில் பட்டியல் வந்தது. ஒவ்வொரு பெயருக்கும் எந்த மொழியிலிருந்து வந்தது, என்ன பொருள் என்ற விளக்கத்தோடு நாற்பது பெயர்கள். அவனுக்கு மிகவும் பிடித்ததைத் தனியாகக் குறித்திருந்தான். லூஸ். லத்தீனிலிருந்து வந்ததாம். ஒளி என்று அர்த்தமாம்.

உடனே போன் போட்டேன். "ஒனக்குத் தமிழ் மறந்துபோச்சா? ஊரே அந்தப் புள்ளைய லூசுன்னு கூப்பிடும்."

அங்கே நாக்கைப் பல்லில் வைத்து 'லூத்' என்றுதான் சொல்வார்கள் என்றான். இங்கே யார் அப்படி நாக்கை வைக்கப்போகிறார்கள் என்று கேட்டேன். கோபித்துக்கொண்டு இரண்டு நாள் அவன் போனே செய்யவில்லை. மூன்றாம் நாள் 'பிலார்' என்றான். தூண் என்று பொருள். எங்கள் ஆத்தா அதைக் கேட்டுவிட்டு, மாடி கட்டினபோது கொத்தனார் சொன்ன பில்லர்தானே அது என்றாள். அப்புறம் 'பாஸ்' என்றான். சமாதானமாம். பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவளுக்கு அந்தப் பெயர் எப்படிக் கேட்கும் என்று அவனுக்குச் சொல்லித்தான் புரிய வைக்க வேண்டியிருந்தது.

கடைசியில் 'ரொசியோ' என்று ஒன்று எல்லாருக்கும் ஒத்துவந்தது. பனித்துளி என்று அர்த்தம். அரைநாள் லீவு போட்டு, விண்ணப்பத்தை நிரப்பி, பிறப்புப் பதிவு ஆபீஸ் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர்தான் இருந்தார்கள். தம்பி கூப்பிட்டான். கூட வேலை செய்கிறவன் அதைவிட நல்ல பெயர் ஒன்று சொன்னானாம், கொஞ்சம் பொறுக்கச் சொன்னான். நான் விண்ணப்பத்தை அங்கேயே கிழித்துப் போட்டேன். அப்படி வீணானதில் அது மூன்றாவது விண்ணப்பம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பட்டியலைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, தம்பி மனைவி குழந்தையோடு இருந்த அவள் அப்பா வீட்டுக்கு, நேராகக் கீரமங்கலம் போனேன். ஒரு பெயரை முடிக்காமல் திரும்புவதில்லை என்றுதான் போனேன்.

தம்பியின் மாமனார் பூ விவசாயி. காலையிலேயே மார்க்கெட்டுக்குப் பூப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். பட்டியலை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, பெயரைவிட்டு அர்த்தத்தை மட்டும் படித்தார். 'டொலோரெஸ், துக்கங்கள்' என்ற இடத்தில் நிறுத்தினார்.

"இது வியாகுலம். எங்க பெரியக்கா பேரு" என்றார்.

'சொகோரோ, உதவி' என்றதும் அது சகாயம், தன் சின்ன அக்கா என்றார். 'இன்மகுலாதா, மாசற்றவள்' என்பது அமலோற்பவம், தன் தங்கை. மாதாவுக்கு அந்த ஊரில் என்ன பட்டமோ, அதே பட்டம்தான் நம் ஊரிலும். அதைத்தான் பெண்பிள்ளைகளுக்கு வைத்தார்கள் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. இந்தப் பெயர்களுக்காகவா நான் ஐந்து மாதம் லோல்பட்டேன்?

'அம்பாரோ, புகலிடம்' என்பதைப் படித்ததும் அவர் காகிதத்தை மடியில் வைத்துவிட்டார்.

"அடைக்கலம்" என்றார். "இவ அம்மா பேரு."

தம்பி மனைவி பள்ளிக்கூடம் படிக்கும்போதே அவள் அம்மா இறந்துபோனது எனக்குத் தெரியும். பெயர் என்னவென்று நான் கேட்டதே இல்லை. அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவோரம் நின்றாள்.

"அண்ணி, இந்த அஞ்சு மாசத்துல என்ன பேரு வைக்கலாம்னு எங்கிட்ட யாராவது கேட்டீங்களா?"

அவள் குரலை உயர்த்தவில்லை. எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தம்பியின் மேல் மட்டுமே கோபப்பட்டுக்கொண்டிருந்த எனக்கு, நானும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. என்ன வைக்கலாம் என்று கேட்டேன். அடைக்கலம் என்றாள்.

அங்கிருந்தே ஆத்தாவுக்குப் போன் செய்தேன். பெரிய சண்டையாக இருக்கும் என்று நினைத்தேன். ஆத்தாவோ, அது உங்கள் அப்பாவின் தாத்தா பெயர், நம் பக்கத்துப் பெயர்தான், தாராளமாக வையுங்கள் என்றாள். அது அந்தப் பக்கத்துப் பெயரும்தான் என்று நான் சொல்லவில்லை.

தம்பிதான் முறுக்கிக்கொண்டான். "அக்கா, இது கெழவி பேரு. இங்கயும் அம்பாரோன்னா எழுபது வயசுக்காரங்களுக்குத்தான் இருக்கு. எங்க ஓட்டல் முதலாளியம்மா பேரே அதுதான்."

"ரொம்ப நல்லது. ஒம் மகளும் எழுபது வயசு வரைக்கும் நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

மறுநாளே நாலாவது விண்ணப்பத்தைக் கொடுத்தேன். ஆபீசில் இருந்தவர் பெயரைப் பார்த்துவிட்டுப் பையனா என்று கேட்டார். பெண் என்றேன். ஆங்கிலத்தில் ஒரு 'கே'யா இரண்டு 'கே'யா என்று கேட்டார். அவரையே போட்டுக்கொள்ளச் சொல்லலாமா என்று இருந்தது. இரண்டு என்றேன்.

அவர்கள் ஸ்பெயினுக்குப் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. முழுப் பெயர் வாயில் நுழையாமல் குழந்தைகள் காப்பகத்தில் அவளைச் சுருக்கி 'அடா' என்று கூப்பிடுகிறார்களாம். அந்த ஊரில் அதுவும் நல்ல பெயர்தான் என்கிறான் தம்பி. பெண்பிள்ளையைப் போய் அடா என்று கூப்பிடுவதைப் பெருமையாகச் சொல்கிறவனிடம் என்ன பேசுவது? அவள் அம்மா மட்டும், நான் வீடியோ காலில் வரும் ஒவ்வொரு முறையும், முழுப் பெயரையும் சொல்லி அவளை அழைக்கிறாள். குழந்தையும் திரும்பிப் பார்க்கிறது.