ஒன்பது மார்க் வாங்கிய வண்டி ஆப்

மார்க் போட உட்காரும்போது சின்னவள் முதலில் போனின் திரையை அணைத்துவிடுவாள். பிறவியிலேயே பார்வை இல்லாதவளுக்குத் திரை எரிந்தால் என்ன, அணைந்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். தோன்றத்தான் செய்யும். ஆனால் பக்கத்து நாற்காலியில் அவள் கணவர் இருப்பார். லிஃப்ட் பழுது பார்க்கிறவர். கண் இரண்டும் நல்ல கண், வாய்தான் சும்மா இருக்காது. திரையில் எதையாவது பார்த்துவிட்டால், "அந்த மூலையில பச்சையா ஒண்ணு இருக்கு பாரு," என்று எடுத்துக்கொடுத்துவிடுவார்.

"நீங்க எடுத்துக்கொடுத்தா அது காப்பியடிச்ச பரீட்சை. என் காதுக்குக் கேக்கறதுக்குத்தான் மார்க்கு, உங்க கண்ணுக்குத் தெரியறதுக்கு இல்ல," என்பாள் சின்னவள்.

பகலில் அவளுக்குப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தொலைபேசி இணைத்துக்கொடுக்கும் வேலை. எலும்பு டாக்டருக்கு எந்த எண், ரத்தப் பரிசோதனைக்கு எந்த எண் என்று இருநூறு எண்கள் விரல் நுனியில் இருக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தால் அது ஆப்புகளின் நேரம்.

போன் பேசும். விரலை வலது பக்கம் ஒரு தள்ளு தள்ளினால் அடுத்த பொத்தானின் பெயரைச் சொல்லும். இரண்டு தட்டு தட்டினால் பொத்தான் அமுங்கும். வித்தை அவ்வளவுதான். ஆனால் பெயர் இருந்தால்தானே சொல்லும். ஆப்பைச் செய்தவர் பெயர் வைக்காமல் வெறும் படத்தை ஒட்டிவிட்டுப் போயிருந்தால், "பெயரில்லாத பொத்தான்" என்று சொல்லிவிட்டுப் போன் கம்மென்று இருந்துவிடும். அது எதையாவது அனுப்புகிற பொத்தானா, எல்லாவற்றையும் அழிக்கிற பொத்தானா என்பது அமுக்கின பிறகு தெரியும்.

இப்படி ஒவ்வொரு ஆப்பாகத் தடவிக் கேட்டு, பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு, வெள்ளிக்கிழமைதோறும் தன் குரலிலேயே பேசிப் பார்வையில்லாதவர்களின் குரூப்பில் போடுவாள். முந்நூறு பேர் கேட்பார்கள். ஒரு நாளும் பாடம் நடத்தாதவளுக்கு அங்கே 'மார்க்கு டீச்சர்' என்று பெயர். போட்ட மார்க்கை மாற்றுவது அவள் வழக்கத்திலேயே இல்லை. ஆப் செய்கிற ஒருவர் ஒருமுறை போனில் கூப்பிட்டு, அரை மார்க்காவது கூட்டிப் போடுங்கள் என்று கெஞ்சினார்.

"பெத்த பிள்ளைக்குப் பேர் வைக்காமலா சார் ஸ்கூல்ல சேர்ப்பீங்க? முதல்ல பட்டனுக்குப் பேர் வைங்க. அப்புறம் பேசலாம்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அப்பேர்ப்பட்டவள் கையால் ஒன்பது மார்க் வாங்கியது ஒரே ஒரு ஆப்தான். வாடகைக்குக் கார் கூப்பிடுகிற ஆப். நடுவில் விளம்பரம் வந்து கத்துகிறது என்று அந்த ஒரு மார்க்கைக் குறைத்திருந்தாள். எனக்குச் சரியாக வரவில்லையே என்று குரூப்பில் இரண்டு மூன்று பேர் இழுத்தார்கள். "பழகப் பழக வரும்," என்று பதில் சொல்லி முடித்துவிட்டாள்.

அந்த ஒன்பதை நம்பித்தான் அவள் அக்கா பந்தயம் கட்டினாள்.

அக்கா, அதாவது பெரியவள், தையல்காரி. ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடிகூடப் போட்டதில்லை. கண்ணில் அழுத்தம் ஏறி, ஏறியது தெரியாமலே இருந்து, தெரிந்தபோது வெளிச்சம் போய்விட்டிருந்தது. போய் ஒரு வருஷம் ஆகிறது. ஊரின் அந்தக் கோடியில், மிஷினும் வெட்டுகிற மேஜையுமாக, தன் வீட்டில் தனியாக இருக்கிறாள். வெளியூரில் வேலை பார்க்கும் மகன் போன வாரக் கடைசியில் வந்தபோது, வீட்டைப் பூட்டிவிட்டுத் தன்னோடு வரச்சொன்னான். இவள் முடியாது என்றாள். வாக்குவாதம் முற்றி, கடைசியில் ஒரு பேச்சில் வந்து நின்றது.

"வர்ற ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு நான் சித்தி வீட்டுல இருப்பேன்," என்றான் மகன். "நீ யார் கையையும் பிடிக்காம, யாரையும் துணைக்குக் கூப்பிடாம அங்க வந்து சேரு. வந்துட்டா இந்தப் பேச்சை நான் எடுக்கவே மாட்டேன். வரலன்னா பெட்டியக் கட்டு."

"பத்துக்கு என்னடா, பத்துக்கு அஞ்சு நிமிஷம் முன்னாலயே நிப்பேன்," என்றாள் பெரியவள். "உன் சித்தி ஒன்பது மார்க் போட்ட ஆப் இருக்கு."

திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாளும் உட்கார்ந்து பழகினாள். புதன்கிழமை சாயங்காலம் தங்கையின் கணவரான லிஃப்ட்காரரைக் கூப்பிட்டு, அவருடைய ஸ்கூட்டரின் பின்னால் ஏறித் தங்கை வீட்டுக்கு வந்தாள். வந்தவள் மேஜையைத் தடவி நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, போனைத் தங்கை பக்கம் தள்ளினாள்.

"நான் அவன் கூடவே போயிடறேன்டி. எனக்கு இது வரல. நீ ஒன்பது போட்டது எனக்கு ஒண்ணு கூடத் தேறல."

"மூணு நாள்ல வருமா? உனக்கு எப்பவுமே பொறுமை கிடையாதுக்கா."

"பொறுமை இல்லாமலா முப்பது வருஷம் பட்டனுக்குக் காஜா எடுத்தேன்?"

எங்கே தடுக்கிறது என்று பார்க்கலாம் என்று சின்னவள் அக்காவின் போனை எடுத்து விரலைத் தள்ளினாள். பெயரில்லாத பொத்தான் என்றது போன். இன்னொரு தள்ளு. பெயரில்லாத பொத்தான். மூன்றாவதும் அதுவே. சின்னவளின் விரல் நின்றுவிட்டது.

"வேற ஏதோ ஆப்பை இறக்கி வச்சிருக்கக்கா."

"மாப்ளதான் இறக்கிக் கொடுத்தாரு. அவரையே கேளு."

லிஃப்ட்காரர் குனிந்து பார்த்தார். "அதே ஆப்தான். அதே மஞ்சக் கார் படம்."

அப்போதுதான் சின்னவளுக்கு உள்ளே ஏதோ குடைய ஆரம்பித்தது. கோபம் இல்லை, அதை விட மோசமானது: காரணம் தெரியாமல் அவளால் சாப்பிட முடியாது. போன் பழசாக இருக்குமோ என்று பார்த்தாள். அக்காவுடையதுதான் புதுசு. ஆப்பில் புதுசு பழசு உண்டோ என்று கணவரைப் பார்க்கச் சொன்னாள். இரண்டிலும் ஒன்றுதான். பேசும் குரலின் வேகத்தை மாற்றினாள், போனை அணைத்துப் போட்டாள், ஆப்பை அழித்து மறுபடி இறக்கினாள். ஒரே ஆப், இங்கே வாய் திறந்து பேசுகிறது, அங்கே ஊமையாக உட்கார்ந்திருக்கிறது.

"உன் போனை இங்க கொடு," என்றாள் பெரியவள். "உனக்கு மட்டும் அப்படி என்னதான் சொல்லுதுன்னு நானும் கேக்கறேன்."

சின்னவளின் போன் பேசுகிற வேகத்துக்குக் கடுகு பொரிவதுதான் ஈடு. அதை நிதானமாக்கிக் கொடுத்தாள். பெரியவள் விரலைத் தள்ளினாள்.

"எங்கே போகணும்," என்றது போன்.

இன்னொரு தள்ளு. "வண்டியைக் கூப்பிடு."

இன்னொன்று. "டிரைவர் தம்பிக்கு போன்."

இன்னொன்று. "அய்யய்யோ வேண்டாம்."

பெரியவள் விரலை எடுத்தாள். பிறகு சிரிப்பு தோளில் ஆரம்பித்து மேஜை வரைக்கும் ஆடியது.

"ஏண்டி, எந்தக் கம்பெனிக்காரன்டி 'அய்யய்யோ வேண்டாம்'னு எழுதுவான்? இது அப்படியே நீ பேசற மாதிரியே இருக்கு."

லிஃப்ட்காரர் மனைவி பக்கம் திரும்பி மெதுவாக ஆரம்பித்தார்.

"நாலு வருஷத்துக்கு முன்னால மழை விடாம அடிச்சதே, அந்த வாரம். நான் படத்தைப் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். நீ ஒவ்வொரு பட்டனுக்கா பேரு எழுதி வச்ச. ஞாபகம் இல்ல?"

அப்படி ஒரு வசதி போனிலேயே உண்டு. பெயரில்லாத பொத்தானுக்கு நாமே பெயர் வைத்துக்கொள்ளலாம். வைத்த பெயர் அந்தப் போனில் மட்டும் இருக்கும், அடுத்தவர் போனுக்குப் போகாது. குரூப்பில் மார்க் போட ஆரம்பிப்பதற்கு ரொம்ப முன்னால், தன் சௌகரியத்துக்காக வைத்தவை அவை. தினமும் கேட்டுக் கேட்டு, தான் வைத்தோம் என்பதே மறந்து, அவை பிறக்கும்போதே இருந்த பெயர்கள் போல ஆகிவிட்டன. திரையை அணைத்துவிட்டு, காப்பியடிக்காமல் மார்க் போட்டதாக அவள் நினைத்த பரீட்சையில், நாலு வருஷத்துக்கு முன் கணவர் எடுத்துக்கொடுத்த விடை அப்படியே இருந்திருக்கிறது.

"அப்ப நான் மட்டி இல்ல," என்றாள் பெரியவள்.

"நீ இல்லக்கா. நான்தான்."

"சரி விடு. என் போனுக்கும் பேர் வச்சுடலாம். மாப்ளே, கண்ணக் கொண்டாங்க."

"வைக்கலாம். குரூப்ல பேசிட்டு வைக்கலாம்," என்றாள் சின்னவள். ஆனாலும் போனைக் கையில் எடுக்கவில்லை. முந்நூறு பேர், ஒன்பது மார்க், மாற்றாத வாய். மேஜை விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்து எடுத்தாள். "வெள்ளிக்கிழமை சொல்லிக்கலாமே."

"எதுக்கு வெள்ளிக்கிழமை? மூணு நாளா நான் என்னையே திட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். துணி அளவு எடுத்த மூளை எங்க போச்சுன்னு. அந்த முந்நூறு பேர்ல எத்தனை பேர் இப்படி உக்காந்திருக்காங்களோ. இப்பவே சொல்லு."

பெரியவள் சொன்னால் சின்னவள் கேட்கிற விஷயங்கள் இரண்டோ மூன்றோதான் உலகத்தில் உண்டு. இது அதில் சேர்ந்தது. போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துப் பேசினாள்.

"மார்க்கு டீச்சர் பேசறேன். அந்தக் கார் ஆப்புக்கு ஒன்பது போட்டது தப்பு. அது நல்லாப் பேசினது, என் போன்ல நானே பேர் எழுதி வச்சதால. உங்க போன்ல அது பேசாது. வரலன்னு சொன்னவங்கள பழகிக்கோங்கன்னு சொன்னேன், அதுவும் தப்பு. ஒன்பது கிடையாது, நாலு. இன்னும் எந்தெந்த ஆப்புக்கு இப்படிப் போட்டேன்னு தேடிட்டிருக்கேன்."

முதல் பதில் ஒரு கட்டைக் குரலில் வந்தது. "பரவால்ல டீச்சர். என்ன, இதுக்காக நான் போனையே மாத்திட்டேன்."

தேடினதில் பதினோரு ஆப் அகப்பட்டது. தான் வைத்த பெயர்களை எல்லாம் ஒன்றுவிடாமல் அழித்தாள். அழித்துவிட்டு விரலைத் தள்ளினால் பெயரில்லாத பொத்தான், பெயரில்லாத பொத்தான் என்று அவள் போனும் ஆரம்பித்தது. தெரிந்த வீட்டில் யாரோ நாற்காலிகளை எல்லாம் நகர்த்தி வைத்த மாதிரி இருந்தது அவளுக்கு.

அதன் பிறகுதான் பெரியவளின் போன். லிஃப்ட்காரர் படத்தைச் சொல்லச் சொல்ல, பெரியவள் தன் இஷ்டத்துக்குப் பெயர் வைத்தாள். இடத்தைக் காட்டும் குறிக்கு 'ஊசி குத்து'. கார் கூப்பிடுவதற்கு 'கிளம்பு'. வேண்டாம் என்பதற்கு 'தையல் பிரி'.

"என் லிஃப்ட்ல ரெண்டாம் மாடிக்கு இப்படியெல்லாம் பேர் வச்சா வேலையவிட்டுத் தூக்கிடுவாங்க அண்ணி," என்றார் லிஃப்ட்காரர்.

"உங்க லிஃப்டு மேல போகும், கீழ வரும். இதுக்கு ஊர் முழுக்க வழி. நீங்க படத்தச் சொல்லுங்க மாப்ளே."

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதே முக்காலுக்கே மகன் வந்து உட்கார்ந்துவிட்டான். பத்து அடித்தது. சின்னவள் ஜன்னல் பக்கமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டு தெருவைக் கேட்டாள். இரண்டு சைக்கிள், ஒரு தள்ளுவண்டி, யார் வீட்டுக்கோ வந்த ஒரு கார். பத்தே கால். மகன் எழுந்து நடந்தான். பத்து இருபத்தைந்துக்குச் செருப்பைத் தேடினான்.

"நான் போய்க் கூட்டிட்டு வந்துடறேன் சித்தி. எங்கயாவது நடு ரோட்டுல நின்னுட்டிருப்பாங்க."

"உக்காரு."

"நேரம் ஆயிடுச்சு சித்தி."

"நீ சொன்னது யார் கையையும் பிடிக்காம வரணும்னு. இப்ப நீயே போய்ப் பிடிக்கப் போறியா? உக்காரு."

அவன் உட்கார்ந்தான். அவள் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள்.

கார் ஒன்று வந்து வேகம் குறைந்து, வாசலைத் தாண்டி, நின்று, பின்னால் வந்தது. கதவு திறந்தது. கோலின் நுனி ஒரு முறை கல்லில், ஒரு முறை இரும்புக் கேட்டில் பட்டது.

"அரை மணி லேட்டு," என்றான் மகன். ஆனால் குரலில் அதட்டல் பாதிதான் இருந்தது.

"முதல்ல வந்த டிரைவர் பின் தெருவுல நின்னுக்கிட்டு, அங்க வந்து ஏறுங்கன்னாரு," என்று சொல்லிக்கொண்டே பெரியவள் வாசற்படி ஏறினாள். "நானா அங்க போறவ? தையலப் பிரிச்சுட்டு வேற வண்டி கூப்பிட்டேன்."

மகனுக்கு அந்தத் தையல் புரியவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றான். நேரம் தவறினாலும் தனியாக வந்துவிட்டாள்; கொடுத்த வாக்குப்படி கூட்டிப்போகிற பேச்சை எடுக்காமல், அவள் கைப்பையை மட்டும் வாங்கி மேஜை மேல் வைத்தான்.

பெரியவள் உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குள் போன் தானாகக் கனைத்தது. பயணம் எப்படி இருந்தது, மதிப்பிடுங்கள் என்றது. அவள் விரலைத் தள்ளினாள். பெயரில்லாத பொத்தான். ஐந்து தள்ளு தள்ளினாள், ஐந்தும் அதுவே.

"இது என்னடி புதுசா இருக்கு?"

"நட்சத்திரம்," என்றார் லிஃப்ட்காரர் எட்டிப் பார்த்து. "மார்க்குப் போடச் சொல்லுது. அஞ்சு நட்சத்திரம் வரிசையா இருக்கு."

அந்தப் பக்கம் வந்தால் சின்னவள் எப்போதும் தள்ளிவிட்டு வெளியே வந்துவிடுகிறவள், ஒரு நாளும் காது கொடுத்ததில்லை. இப்போது அக்காவின் கையிலிருந்து போனை வாங்கி, ஐந்தையும் ஒருமுறை முழுசாகக் கேட்டாள்.

"இதுக்கு என்ன பேர் வைக்கட்டும்?" என்றாள் பெரியவள்.

"ஒரு பேரும் வைக்காத," என்று சின்னவள் தன் போனைத் தேடி எடுத்து வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "மார்க்கு டீச்சர் பேசறேன். அந்தக் கார் ஆப்பு, நாலு கூட இல்ல. மூணு."