ஒட்டுகிறவள் ஓட்டிய விமானம்

ரேணுகாதேவிக்கு ஊரில் நல்ல பெயர் கிடையாது. எதிரில் நிற்பது யாராக இருந்தாலும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். விருந்துச் சோற்றில் உப்பு இல்லை என்றால் இல்லை என்பாள். சாவு வீட்டில் பொய்யாக அழுகிறவளிடம் போய், கண்ணில் தண்ணீரே வரவில்லையே என்பாள். நல்ல பெயர் வாங்கிய பெண்கள் அந்த ஊரில் நிறையப் பேர் உண்டு. அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஜவ்வாது மலையில் பிறந்தவள். அப்பனுக்கு மேட்டில் ஒரு துண்டுக் கொல்லையும் சில புளிய மரங்களும் இருந்தன. பத்தாவது முடித்ததும் ஒடுகத்தூரில் அத்தை வீட்டுக்கு இறங்கினாள். அங்கிருந்து கம்பெனி பஸ் ஏறி ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். அவளை உட்கார வைத்தது பேஸ்டிங்கில். தோலின் ஓரத்தில் பிரஷ்ஷால் சொல்யூஷன் தடவ வேண்டும், காயவிட வேண்டும், மடித்து ஒட்ட வேண்டும், அடுத்ததை எடுக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். அவள் ஒட்டிய ஷூவை மாட்டிக்கொண்டு எந்த நாட்டுத் தெருவில் எவன் நடந்தானோ, அவள் ரப்பர் செருப்பில்தான் பஸ்ஸுக்கு ஓடினாள்.

வயசெல்லாம் அந்தப் பெஞ்சில் போயிற்று. கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: "ஒட்டல." மேற்கொண்டு கேட்க யாருக்கும் தைரியம் வராது.

அம்மா படுக்கையில் விழுந்தபோது மலைக்குத் திரும்பினாள். அம்மா போன பிறகும் இறங்கவில்லை. சாமை விதைத்தாள், புளி உலுக்கினாள். மிச்ச நேரத்தில் ஊராரின் அறுந்த செருப்பையும் கிழிந்த பையையும் ஒட்டிக் கொடுத்தாள். கம்பெனியை விட்டு வந்தாலும் சொல்யூஷன் டப்பாவை மட்டும் விடவில்லை.

அந்த ஊரில் டி.வி. ரூம் ஒன்று உண்டு. டி.வி. எப்போதோ கெட்டுப்போயிற்று, ரூம் நிற்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் அங்கே ஊர்க் குழு கூடும். குழுவுக்குத் தலைவர் பஞ்சாட்சரம். தலைவர் என்றால், போன் அவரிடம் இருக்கிறது, அவ்வளவுதான். சந்தவாசலில் இருந்து செபாஸ்டியன் என்ற தொண்டு நிறுவனத்து ஆள் பைக்கில் ஏறி வருவார். அந்த வருஷம் அவர் கொண்டுவந்த திட்டம், மலையில் உள்ள ஒவ்வொரு குழுவும் கூடிச் சேர்ந்து ஒரு பொருளைக் கையால் செய்து, பொங்கல் கழித்துப் படவேட்டில் நடக்கும் கூட்டத்தில் காட்ட வேண்டும் என்பது. ஒரு ஊர் வெயில் அடுப்பு என்றது. ஒரு ஊர் சாமை புடைக்கிற மிஷின் என்றது. இந்த ஊர், ரிமோட்டில் பறக்கிற விமானம் என்றது.

அது கோகுல்ராஜ் கிளப்பிவிட்டது. கல்யாண வீடுகளில் ட்ரோன் பறக்கவிட்டுப் படம் எடுக்கிறவன். ஊரே அவனால் ஒருநாள் அண்ணாந்து பார்த்தது. அன்றிலிருந்து அவன் தலை கீழே இறங்கவில்லை. மற்றபடி நல்ல பிள்ளைதான்.

மோட்டாரும் ரிமோட்டும்தான் வாங்குவது. மற்றதெல்லாம் தெர்மகோல் மாதிரியான ஷீட்டில் வெட்டி, ஒட்டிச் செய்ய வேண்டும். எந்த விமானம் என்று முதலில் முடிவு பண்ணச் சொல்லி, செபாஸ்டியன் தன் போனில் மூன்று படங்களைக் காட்டினார். ஒன்று சாம்பல் நிறப் போர் விமானம். ஒன்று இறக்கைக்கு மேல் இறக்கை வைத்த சிவப்பு விமானம். மூன்றாவது மஞ்சள், முதுகின் மேல் ஒரு நீளப் பலகையைப் படுக்க வைத்த மாதிரி சாதுவாக இருந்தது. போன் கை மாறி மாறிப் போயிற்று. எல்லோருடைய விரலும் போர் விமானத்தில்தான் நின்றது. படவேட்டில் இறக்கினால் ஊருக்கே ஒரு கெத்து என்றார் பஞ்சாட்சரம்.

ரேணுகாதேவி போனை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. ஆனாலும் கேட்டாள்.

"இத யாருடா ஓட்டுறது?"

"நான்தான்க்கா. இது வேகம் ஜாஸ்தி. பழக்கம் இல்லாதவங்க தொட்டா நேரா மண்ணுல பூந்துடும்" என்றான் கோகுல்ராஜ்.

"அப்ப நாங்க இன்னா பண்றது?"

"நீங்க ஒட்டுங்க. உங்களுக்குக் கைவந்த வேலையாச்சே."

அவன் மெச்சிக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அது போய் எங்கே குத்தியது என்று அவளுக்குத்தான் தெரியும். பேஸ்டிங் பெஞ்சு கண்முன் வந்து நின்றது. போனைச் செபாஸ்டியனிடம் நீட்டினாள்.

"நான் ஒட்டினது போதும்டா தம்பி. ஒட்டுறவங்களும் ஓட்டணும். அதுமாரி ப்ளேன் இருந்தா காட்டு. இல்லன்னா எனக்கு வூட்ல வேலை கீது."

ரூமில் இருந்த பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். ரிமோட் தங்கள் கைக்கு வரும் என்று அதுவரை யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

செபாஸ்டியன் மஞ்சள் படத்தைப் பெரிதாக்கினார். இது மெதுவாகப் போகும், புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கென்றே செய்தது, பயந்து கையை எடுத்துவிட்டாலும் தானாக நிமிர்ந்துகொள்ளும் என்றார். கோகுல்ராஜ் சிரித்துவிட்டான். அதற்குப் பேர் விமானம் இல்லை, எருமை என்றான்.

"எருமைய யார் வேணா ஓட்டலாம். அதான் வேணும்" என்றாள் ரேணுகாதேவி.

உடைந்தால் என்ன செய்வது என்றும் கேட்டாள். சிவப்புக்கு இறக்கையும் இரட்டை, உடைந்தால் வேலையும் இரட்டை. போர் விமானமோ ஒரே உடம்பு, மூக்கு நசுங்கினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மஞ்சளுக்கு இறக்கை ஒரே பலகை. போனால் வேறொன்று வெட்டிக்கொள்ளலாம். கை தூக்கச் சொன்னபோது முதலில் தூக்கியது பக்கத்து வீட்டு முத்தம்மா. அவள் மிக்ஸி ஸ்விட்ச் போடவே பயப்படுகிறவள். அப்புறம் ஒவ்வொரு கையாக எழுந்தது. மஞ்சள்தான் என்று முடிவாயிற்று. செய்கிற எல்லோரும் ஓட்டலாம் என்றும் முடிவாயிற்று.

கோகுல்ராஜ் விடவில்லை. எல்லோரும் ஓட்டலாம் சரி, ஆனால் வேலையைக் கெடுத்தவர்களுக்கு ரிமோட் கிடையாது என்றான். ரேணுகாதேவி சிரித்தாள். ஒட்டத் தெரியாதவள் ஓட்ட வேண்டியதில்லை என்று அவளே சபையில் வாய்விட்டாள். தன்னைப் போல ஒட்டுகிறவள் இந்த மலையிலேயே கிடையாது என்ற நினைப்பு.

அடுத்த வாரம் ஊர் ஒரு கூத்துப் பண்ணியது. செபாஸ்டியன் போன் போட்டு, "ட்ரெய்னர் சனிக்கிழமை வந்துடும்" என்று சொன்னார். சிக்னலுக்காக மேட்டுப் பாறைமேல் ஏறி நின்று பஞ்சாட்சரம் அதைக் கேட்டார். சொல்லித்தர யாரோ ஒரு சார் வருகிறார் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, பெரிய மனுஷனைப் போய் 'வந்துடும்' என்கிறானே, மரியாதை தெரியாதவன் என்று செபாஸ்டியனைத் திட்டவும் திட்டினார். முத்தம்மா கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். டி.வி. ரூமைக் கழுவிப் பாய் விரித்தார்கள். செபாஸ்டியன் பைக் வந்து நின்றது. பின் சீட்டில் கயிறு போட்டுக் கட்டிய அட்டைப்பெட்டி இருந்தது.

"சார் எங்க?" என்றார் பஞ்சாட்சரம்.

"எந்த சாரு?"

"ட்ரெய்னரு."

செபாஸ்டியன் மோட்டாரும் ரிமோட்டும் ஷீட்டும் இருந்த பெட்டியைக் காட்டினார். ஓட்டப் பழகுகிறவர்களுக்கான அந்த மஞ்சள் விமானத்துக்குப் பேரே ட்ரெய்னர்தானாம். ரேணுகாதேவி பெட்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "கோழிக்கால் இந்தப் பெட்டிக்கு வேணாம், வந்த சாருக்கே போடு முத்தம்மா" என்று செபாஸ்டியனைக் காட்டினாள். அவரும் வஞ்சனை இல்லாமல் சாப்பிட்டார்.

வெட்டுகிற வேலை ஒழுங்காக நடந்தது. ஒட்டுவதற்குச் சூடாக்கி உருக்குகிற பசைக்குச்சியையும் அதற்கான துப்பாக்கியையும் செபாஸ்டியன் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ரேணுகாதேவி அதைத் தொடவில்லை. இந்த மெழுகுவத்தியெல்லாம் ஒரு ஒட்டா என்று, வீட்டிலிருந்து தன் சொல்யூஷன் டப்பாவை எடுத்துவந்தாள். கோகுல்ராஜ், துப்பாக்கியில்தான் ஒட்டச் சொல்லியிருக்கிறார்கள் என்று ஒருதரம் சொன்னான். ஷூ பிரியாது, இது பிரியுமா என்றாள். இறக்கையின் நடு மூட்டில் பிரஷ்ஷால் இழுத்தாள். கம்பெனியில் சூப்பர்வைசர் கூப்பிட்டு நாலு பேருக்குக் காட்டிய கை அது. ஒரே சீராகப் போயிற்று.

அவள் கண்ணெதிரிலேயே ஷீட் கரைந்தது. வெல்லத்தில் வெந்நீர் பட்ட மாதிரி உள்வாங்கிக் குழிந்து, இறக்கை நடுவில் ஓட்டையாகித் தொங்கியது. தோலுக்கு உயிர் கொடுக்கிற சொல்யூஷன் தெர்மகோல் ஜாதியைத் தின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியாது. தெரியாததில் தப்பில்லை. சொன்னபோது கேட்டுக்கொள்ளாதது தப்பு.

பஞ்சாட்சரத்துக்குப் பேச வாய்ப்புக் கிடைத்தது. ஒட்டத் தெரியாதவள் ஓட்ட வேண்டாம் என்று யாரோ சொன்னார்களே, அது யார் என்று ரூம் முழுக்கத் தேடினார். இரண்டு பேர் சிரித்தார்கள். வேறு யாராக இருந்தாலும் டப்பா பழசு, ஷீட் மட்டம் என்று ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பார்கள். ரேணுகாதேவி தொங்கிய இறக்கையைக் கீழே வைத்தாள்.

"நான்தான் சொன்னேன். சொன்னது சொன்னதுதான். எனக்கு ரிமோட் வேணாம். ஆனா இறக்கைய மட்டும் நான்தான் செய்வேன்."

பிறகு கோகுல்ராஜிடம் திரும்பி, அந்தத் துப்பாக்கியை எப்படிப் பிடிப்பது என்று கேட்டாள். தன்னைவிட எவ்வளவோ சின்னவனிடம், சிரித்தவர்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே, கீழே உட்கார்ந்து கேட்டாள். அவனுக்குத்தான் வெட்கமாகப் போயிற்று. மிஞ்சிய ஷீட் துண்டுகளில் ஒட்டிக் காட்டினான். ஒட்டித் தவறினாள், விரலைச் சுட்டுக்கொண்டாள், திரும்ப ஒட்டினாள். நீளப் பலகை இறக்கை என்பதால் புதிது வெட்டுவது பெரிய பாடாக இல்லை. போர் விமானமாக இருந்திருந்தால் அன்றோடு மூட்டை கட்டியிருக்க வேண்டும். இதை யாரும் வாயால் சொல்லவில்லை. ரேணுகாதேவியும் சொல்லிக்காட்டவில்லை. அவளுக்கு அது பெரிய விஷயம்.

சாமை அறுத்த கொல்லையில் பறக்கவிட்டார்கள். உருண்டோடச் சமதரை ஏது அங்கே, சக்கரத்தைக் கழற்றிவிட்டார்கள். கையால் எறிந்துதான் ஏற்ற வேண்டும், அறுத்து நின்ற சாமைத் தாளின் மேல் அதன் வயிற்றால்தான் இறக்க வேண்டும். எறிகிற வேலையை ரேணுகாதேவி எடுத்துக்கொண்டாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காற்றுக்கு எதிரே ஓடி எறிந்தாள். மஞ்சள் விமானம் ஒரு குலுங்கு குலுங்கி மேலே போயிற்று. கோகுல்ராஜ் ஒரு சுற்றுச் சுற்றி அதைச் சரிபண்ணினான். அப்புறம் ஒவ்வொருவராக வாங்கினார்கள். முத்தம்மா கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினாள். ரிமோட்டிலிருந்து கையையும் எடுத்துவிட்டாள். விமானம் சொன்னபடி தானாக நிமிர்ந்துகொண்டது. பஞ்சாட்சரம் மாட்டை அதட்டுவது போல விமானத்தை அதட்டிக்கொண்டே ஓட்டினார். ஒவ்வொரு தரமும் ரேணுகாதேவி ஓடினாள், எறிந்தாள், விழுந்த இடத்துக்குப் போய் எடுத்துவந்தாள். ஒரு தரம்கூட ரிமோட்டின் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவள் பட்ட பாடு முத்தம்மாவுக்குத் தெரிந்தது.

எல்லோரும் ஓட்டி முடித்ததும் கோகுல்ராஜ் ரிமோட்டை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை. சொன்ன வார்த்தை இருக்கிறது என்றாள்.

முத்தம்மாவுக்கு எங்கிருந்து குரல் வந்ததோ. "ஒட்டத் தெரியாதவதானே ஓட்டக் கூடாது? இம்மா நேரம் மேல பறந்துச்சே, அது யாரு ஒட்டின இறக்கைடி?"

யாரும் சிரிக்கவில்லை. ரேணுகாதேவி பஞ்சாட்சரத்தைப் பார்த்தாள். அவர், வாங்கித் தொலையேன் என்கிற மாதிரி தலையாட்டினார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

கோகுல்ராஜ் எறிந்தான். விமானம் புளியமரங்களுக்கு மேலே ஏறிற்று. அவள் விரல் தள்ளினால் தள்ளிய பக்கம் அவ்வளவு உயரத்தில் ஒன்று திரும்பியது. பள்ளத்துக்கு மேலே போய், வளைந்து, எதிர் மலையின் பச்சையில் மஞ்சளாகப் போயிற்று. அவள் செய்த ஒன்று அவள் சொன்னபடி போய்க்கொண்டிருந்தது.

திரும்பி அவளை நோக்கி வந்தது. நம்மைப் பார்த்து வரும்போது இடது வலது மாறிவிடும் என்று கோகுல்ராஜ் எல்லோருக்கும் சொல்லியிருந்தான். அவளுக்கும்தான். வலது தள்ள வேண்டிய இடத்தில் இடது தள்ளினாள். விமானம் சாய்ந்து, சாமைத் தாளில் இழுத்துக்கொண்டு போய், இறக்கை நடுவில் மடங்கிப் படுத்தது.

அவள் போய் எடுத்தாள். மூட்டு பிரியவில்லை, மூட்டுக்குப் பக்கத்தில் ஷீட்தான் முறிந்திருந்தது. அதையும் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு வழக்கம்போல ஒட்டுவதற்காகக் கீழே உட்கார்ந்தாள்.

கோகுல்ராஜ் வந்து விமானத்தை அவள் மடியிலிருந்து எடுத்துக்கொண்டான். பாக்கெட்டிலிருந்து டேப்பை எடுத்தான்.

"நான் ஒட்டுறேன்க்கா. நீங்க இன்னொரு வாட்டி ஓட்டுங்க."

அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் என்னவோ வந்தது. அதை அவள் வாய் அதிக நேரம் நிற்கவிடவில்லை.

"நல்லா அழுத்துடா. ஓரம் தூக்கிக்கினு கீது பாரு" என்றாள். ரிமோட்டை மட்டும் கீழே வைக்கவில்லை.