பூ கட்டும் நூல்

நான் கரைவலை இழுக்கிறவன். எட்டாவது வரைதான் படித்தேன். எழுத்தில் பிழை இருந்தால் பிள்ளைகள் பொறுத்துக்கொள்ளுங்கள். என் மகள் ஓடுவதை நீங்கள் பார்த்ததில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

பிறந்ததிலிருந்தே அவளுக்குப் பார்வை இல்லை. வெயிலா நிழலா என்பது மட்டும் தெரியும். மாமல்லபுரம் பக்கம் எங்கள் குப்பத்து மணலில் சின்ன வயதிலேயே தனியாக ஓடுவாள். அலைச் சத்தம் வலது காதில் கேட்டால் வடக்கே போகிறாள். இடது காதில் கேட்டால் திரும்பி வருகிறாள். நான் வலையை விட்டுவிட்டு வாயைப் பிளந்து பார்ப்பேன்.

மைதானத்தில் அலை இல்லையே! அதனால் அங்கே பார்வையில்லாதவர் கூடவே ஒருவர் ஓடுவார். அவருக்குக் கைடு என்று பெயர். இரண்டு பேர் கையையும் ஒரு குட்டைக் கயிறு சேர்த்திருக்கும். கைடு வழி சொல்லலாம். கயிற்றை இழுக்கக் கூடாது. என் மகளுக்கு முதலில் நான்தான் கைடு.

செங்கல்பட்டில் நூறு மீட்டர் போட்டி. முதலில் வருபவருக்கு மாநிலப் போட்டியில் இடம். நாங்கள்தான் முதலில் வந்தோம். ஆனால் நடுவர் என்னை நிறுத்தினார்.

"கயித்த இழுத்தீங்களே?"

"சத்தியமா இல்ல சார்!"

என் மகள் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: "இழுத்தாரு சார். கை நோவுது."

எங்களை நீக்கிவிட்டார்கள். திரும்பும்போது பேருந்தில் அவளிடம் கேட்டேன். "இன்னாத்துக்குமா சொன்ன?"

"நீ வேணும்னா இழுத்த? கவுறு கைல மாட்னா வலைனு நெனச்சிகினு இழுக்குற." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவளுக்குப் போனது எனக்குப் போனதைவிடப் பெரிது. ஆனாலும் சிரித்தாள்.

மறுநாள் காலை என் மகள், அவள் அம்மா பூ கட்டுகிற நூலில் ஒரு சாண் எடுத்து வந்தாள். கயிற்றுக்குப் பதிலாக அதைத்தான் கையில் மாட்டிக்கொள்ள வேண்டும். நான் கொஞ்சம் இழுத்தாலும் அறுந்துவிடும்.

"நைனா, இன்னிக்கி ஆறு தபா அறுத்துட்ட."

மறுவாரம் நான்கானது. அப்புறம் ஒன்று. ஒருவழியாக அறுக்காமல் ஓடப் பழகினேன். கை சும்மா இருப்பதும் ஒரு வேலை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஒரு வருடம் போயிருக்கும். ஒரு நாள் பாதித் தூரத்தில் நூல் அறுந்தது.

"நான் இழுக்கலம்மா!"

தூரத்தில் போய் நின்றவள் திரும்பினாள். "தெரியும் நைனா. நான்தான் அறுத்தேன்."

என் கால் வேகம் அவளுக்குப் போதவில்லை. நான் பெற்ற பிள்ளையா இது!

அணுபுரத்திலிருந்து ஒரு கல்லூரிப் பெண் கைடாக வந்தாள். அவளிடம் நானே அந்த நூலைக் கொடுத்தேன். அடுத்த செங்கல்பட்டுப் போட்டியில் இருவரும் ஓடினார்கள், நான் மைதானத்துப் படியில் உட்கார்ந்திருந்தேன். துப்பாக்கிச் சத்தம் கேட்டதுதான் தெரியும். நான்கு கால்களும் ஒரே ஆளின் கால்கள் போல விழுந்தன.

பக்கத்தில் இருந்தவர் என் தோளைத் தட்டினார்.

"அண்ணாத்த, என் துண்ட வுடு. கழுத்து இறுக்குது. உம் பொண்ணு முதல்ல வந்து நின்னுகினு கீது, பாரு."