பருந்து இறங்காத சனிக்கிழமை

எங்கள் சித்தப்பாவோடு நான் ஏழு வருடம் கதைக்கவில்லை. கலியாண வீடுகளில் அவர் என் மேசைக்கு வந்தால் எழுந்து வேறு மேசைக்குப் போய்விடுவேன். அவ்வளவு கோபம். காரணம் ஒரு பருந்து.

சித்தப்பா அப்பாவின் தம்பி. வீடு நகரத்துக்கு வெளியே, விட்பியில். குப்பை கொட்டும் இடங்களில் பருந்தைப் பறக்கவிட்டு, குப்பை கிளற வரும் சீகல் பறவைகளை விரட்டுவது அவருடைய உத்தியோகம். "படிச்சுப்போட்டு பருந்து மேய்க்கிறான்" என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சலித்துக்கொள்வார். வேலைப் பறவைகள் போக, வேட்டைக்கென்று சொந்தமாக ஒரு ஹாரிஸ் பருந்தும் வைத்திருந்தார். இலையுதிர்காலச் சனிக்கிழமைகளில் நாங்கள் இருந்த மோர்னிங்சைடுக்கு வந்து என்னை ஏற்றிப்போவார். பற்றைகளைத் தடியால் தட்டி முயலைக் கிளப்புவது நான். வேட்டை முடிந்ததும் தோல் கையுறையை மாட்டி விசிலடிப்பேன். பருந்து தாழப் பறந்து வந்து கையில் பொத்தென்று இறங்கும். அந்தப் பாரத்துக்காகவே கிழமை முழுவதும் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போனேன்.

ஒவ்வொரு நாள் காலையும் அதைத் தராசில் நிறுத்து எழுதி வைப்பார். பசி இருந்தால்தான் கூப்பிட வரும். வயிறு நிறைந்தால் யாரையும் மதிக்காது, மரத்தில் ஏறிக் குந்திவிடும். பத்து கிராம் கூடினாலே யோசிப்பார்.

பன்னிரண்டு வயதில் பெரியபிள்ளையானேன். அன்றோடு சனிக்கிழமைகள் நின்றன. பற்றைக்குள் ஓடுகிற வயது முடிந்துவிட்டதாம். யார் முடித்தது? என்னை ஒருவரும் கேட்கவில்லை. அறைக்குள் இருத்தி உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் பருக்கினார்கள். வெளியே மண்டபம், சாப்பாடு, வீடியோ என்று சாமத்தியவீட்டுச் சடங்குக்குத் திட்டம் நடந்தது. யாரோ ஒருவரின் மகள் தன் சடங்குக்குக் குதிரை வண்டியில் வந்திருந்தாள், இன்னொருத்தி பல்லக்கில். அப்பாவுக்குச் சட்டென்று தம்பியின் பருந்து ஞாபகம் வந்தது.

"உது எங்கட வீட்டிலேயே கிடக்கு. ஒருத்தரும் செய்யாததைச் செய்வம்."

பட்டுச் சேலையோடு வயலில் நான் நிற்க வேண்டும், பருந்து பறந்து வந்து கையில் இறங்க வேண்டும், அதை மண்டபத்தில் பெரிய திரையில் போட வேண்டும். வேட்டைக்குப் போகக் கூடாது, போவதுபோல நடிக்கலாம். இந்த நியாயத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். படம் பிடிக்க முதல் நாள் சித்தப்பாவுக்குத் தொலைபேசி எடுத்து அழுதேன்.

"எனக்கு உந்தக் கூத்து வேண்டாம் சித்தப்பா."

"அழாதை பிள்ளை. நாளைக்குப் பாப்பம்" என்றார்.

மறுநாள் விட்பியில் நல்ல குளிர். அப்பா, அம்மா, மாமி, வீடியோக்காரத் தம்பி என்று இரண்டு வாகனம் நிறைய ஆட்கள். சேலைக்கு மேல் கோட் போட விடவில்லை. வளையல்களுக்கு மேல் கையுறையைத் திணித்தார்கள். சித்தப்பா பருந்தைப் பறக்கவிட்டார். அது நேரே போய் ஒரு மேப்பிள் மரக் கிளையில் குந்தியது.

அந்த வயலில் நின்றவுடன் எனக்கு வேறொரு ஆசை வந்துவிட்டது. கமராவும் சேலையும் எக்கேடு கெடட்டும், கடைசியாக ஒருமுறை அது என் கையில் இறங்கினால் போதும். விசிலடித்தேன். வரவில்லை. இறைச்சித் துண்டைக் காட்டினேன். அசையவில்லை. திரும்பத் திரும்ப விசிலடித்து உதடு மரத்துப்போனது.

"தங்கச்சி, கொஞ்சம் சிரிச்சுக்கொண்டு கூப்பிடுங்கோ" என்றான் வீடியோக்காரன். அவன் பின்னால் நகர்ந்தபோது காலடிப் பற்றைக்குள் இருந்து ஒரு முயல் பாய்ந்து மரத்தடியால் ஓடியது. பருந்து குனிந்து பார்த்துவிட்டு இறகைக் கோதிக்கொண்டது.

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "டேய், ரெண்டு வருசமா என்னத்தையடா பழக்கினனி? மணித்தியாலக் கணக்கில ஆக்கள் விறைச்சுப்போய் நிக்கினம்."

"நிறை பிழைச்சுப்போச்சு அண்ணை" என்றார் சித்தப்பா, நிலத்தைப் பார்த்தபடி.

"நிறையும் மண்ணும். துடக்கு வாடை உதுகளுக்குத் தெரியும். அதுதான் பிள்ளைக்குக் கிட்ட வரேல்லை" என்றார் மாமி.

என் தீட்டின் மணத்தால்தான் பருந்து வரவில்லை என்று நானும் நம்பினேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, நம்பாமல் என்ன செய்யும்? சித்தப்பா இல்லையென்று சொல்வார் என்று அவர் வாயையே பார்த்தேன். அவர் மரத்துப் பக்கம் திரும்பிப் பருந்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கையுறையைக் கழற்றி அவர் நெஞ்சில் எறிந்தேன்.

"உங்கட பருந்தும் வேண்டாம், நீங்களும் வேண்டாம்!"

நாங்கள் கிளம்பினோம். சித்தப்பா மட்டும் மரத்தடியில் நின்றார். மறுநாள் பசித்த பிறகுதான் பருந்து இறங்கியதாம். இந்தக் காலத்தில் போய்த் துடக்கு, வாடை என்று மாமி சொன்னது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று பிறகு விளங்கியது. கோபம் மட்டும் போகவில்லை. அது முட்டாள்தனம் என்று சொல்ல அன்று சித்தப்பாவுக்குக்கூட வாய் வரவில்லையே.

ஏழு வருடம் கழித்து, பழைய வீடியோக்களைக் கணினியில் ஏற்றித் தரச் சொல்லி அம்மா என்னிடம் ஒரு பை நிறையத் தந்தார். அந்த வயலும் இருந்தது. வீடியோக்காரன் பருந்தைக் கிட்டவாக எடுத்திருந்தான். கழுத்துக்குக் கீழே, தின்றது முதலில் போய்த் தங்கும் தீன்பை தேசிக்காய் அளவுக்குப் புடைத்துக்கொண்டு நின்றது. பறக்கவிடுவதற்குச் சற்று முன்னர்தான் சித்தப்பா அதற்கு வயிறு நிறையத் தீனி போட்டிருக்கிறார். பத்து கிராமுக்கு யோசிக்கிற மனுசன்.

தீன்பை நிறைந்தால் எப்படி இருக்கும் என்று பன்னிரண்டு வயதிலேயே எனக்குத் தெரியும். அன்று அதை நான் பார்க்கவே இல்லை. முதல் நாள் வேண்டாம் என்று அழுதவள் நான்தான் என்பதும் கையுறையை எறிந்தபோது என் ஞாபகத்தில் இல்லை. வீடியோவின் கடைசியில் சித்தப்பா குனிந்து அந்தக் கையுறையை எடுக்கிறார், மண்ணைத் தட்டுகிறார், தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொள்கிறார்.