அருள்ராஜ் அண்ணனும் ஒரு கண்டிஷனல் ஆஃபரும்

அருள்ராஜ் அண்ணன் போய்விட்டார்.

சனிக்கிழமை காலையில் யாருக்கோ பழைய கார் பார்த்துக் கொடுக்கப் போனவர், அந்த காரின் பக்கத்திலேயே சாய்ந்திருக்கிறார். மாரடைப்பு. ஞாயிறு மதியம் எல்லாம் முடிந்துவிட்டது.

இதை டைப் பண்ணுகிறேன், அழிக்கிறேன், திரும்ப டைப் பண்ணுகிறேன்...

டெக்சஸில், இந்த பிளானோவில் எங்கள் ஆபீஸ் தமிழ் ஆட்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. என் டீம்தான், என் பக்கத்து சீட். நாகர்கோவில்காரர். புதிதாக வந்து இறங்கும் யாரும் அவரைக் கூட்டிப் போகாமல் யூஸ்டு கார் வாங்கியதில்லை.

பானெட்டைத் திறப்பார், காதைச் சாய்த்துக் கேட்பார், டயரை ஒரு உதை. பிறகு தீர்ப்பு: "வண்டி நல்ல கண்டிஷன், கேட்டியளா!"

எங்களுக்கு அவர் பார்த்துச் சொன்ன வண்டி இரண்டாவது மாதமே டோல் ரோட்டின் நடுவே புகை விட்டு நின்றது. போன் பண்ணித் திட்டினேன். "நான் பாக்கும்போது நல்ல கண்டிஷன்ல தாம்மா இருந்துச்சு" என்றார் மனுஷன், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

அவருடைய மகள் ஜெனிஷா. நாலு வயதில் இங்கே வந்த பிள்ளை. தமிழ் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். டாக்டர் ஆக வேண்டும் என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லாத பெண்.

ஆனால் அண்ணனுக்கு கிரீன் கார்டு வரவில்லை. எங்கள் எல்லோரையும் போல அவரும் அந்த கியூவில்தான். அவள் அப்பா விசாவில் ஒட்டிக்கொண்டிருந்தாள், அதுவும் இருபத்தியோரு வயது வரைதான். கிரீன் கார்டு இல்லாத பிள்ளைக்கு இங்கே மெடிக்கல் காலேஜ் கதவு திறப்பது ரொம்ப அபூர்வம்.

அதனால் இங்கிலாந்தில் இன்டர்நேஷனல் ஃபவுண்டேஷன் புரோகிராம். ஒரு வருடம் அதைப் படித்து, அவர்கள் கேட்கும் மார்க்கை எடுத்தால்தான் மெடிசின். டெக்சஸில் வளர்ந்த பெண், டெக்சஸிலும் வெளிநாட்டுக்காரி, அங்கே போயும் வெளிநாட்டுக்காரி.

ஆஃபர் வந்த அன்று அண்ணன் ஒரு டப்பா நிறைய முந்திரிக்கொத்தோடு ஆபீஸ் வந்தார்.

"பிள்ளைக்கி மெடிக்கல் கெடச்சாச்சு! கண்டிஷனல் ஆஃபராம். பாத்தியளா, ஆஃபரே நல்ல கண்டிஷன்ல வந்திருக்கு!"

ஜோக் அடிக்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தினமும் கம்ப்யூட்டர் கோடில் 'இது இருந்தால்தான் அது' என்று நூறு கண்டிஷன் எழுதுகிற மனுஷன், சந்தோஷத்தில் அந்த வார்த்தையை அப்படியே கார் கணக்கில் எடுத்துக்கொண்டுவிட்டார்.

"அண்ணா, மார்க் எடுத்தாதான் சீட்டுன்னு அர்த்தம்ணா. அதான் கண்டிஷன்" என்றேன்.

முகம் விழுந்துவிட்டது. "அப்ப இன்னும் கெடைக்கலியா?"

கொஞ்ச நேரம் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, கொண்டாந்தாச்சு. தின்னுங்க" என்று எல்லோருக்கும் நீட்டினார்.

அதற்குப் பிறகு ஒரு வருடமும் நாங்கள் அவரை ஓட்டித் தீர்த்தோம். லஞ்ச் டைமில் யாராவது கேட்போம், "அண்ணா, பொண்ணு எந்த கண்டிஷன்ல இருக்கா?" அவரும் காதைச் சாய்த்து இன்ஜின் சத்தம் கேட்பது போல நடிப்பார். "ஸ்டார்ட் ஆயிருக்கு... ஓடுது... பாப்போம்."

ஞாயிறு காலை ஐசியூ வாசலில் அண்ணன் மனைவி ஸ்டெல்லா அக்காவோடு நான்தான் நின்றேன். டாக்டர் வந்து மெதுவாக என்னவோ சொன்னார். கிரிட்டிகல் கண்டிஷன் என்றது எனக்குக் கேட்டது.

அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாமல் இல்லை. ஆனால் அந்த நிமிடத்தில் ஒரே ஒரு வார்த்தைதான் காதில் விழுந்திருக்கிறது. என் கையைப் பிடித்து, "கண்டிஷன்னு சொன்னாரே... நல்லாருக்குன்னா சொல்லுதாரு?" என்று கேட்டார்.

அக்காவை அங்கிருந்த நாற்காலியில் உட்கார வைத்தேன்.

இதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. ஜெனிஷாவால் இங்கே வர முடியாது. அவள் விசா அப்பாவின் விசாவைப் பிடித்துக்கொண்டிருந்தது... அப்பா போனதோடு அதுவும் போய்விட்டது. ஏர்போர்ட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று லாயர் சொல்லிவிட்டார். தான் வளர்ந்த வீட்டுக்கு, தன் அப்பாவைப் பார்க்க, அந்தப் பிள்ளையால் வர முடியாது. இது என்ன நாடு, என்ன சட்டம்!

அதனால் அண்ணனை நாகர்கோவிலுக்கு அனுப்புகிறோம். அவள் லண்டனிலிருந்து அங்கே போகிறாள். ஸ்டெல்லா அக்காவுக்கும் இனி இங்கே இருக்க வழியில்லை. ஜெனிஷா படிப்பை யார் பார்ப்பார்கள், எப்படிப் பார்ப்பார்கள்... கேட்கவே பயமாக இருக்கிறது.

நேற்று மாலை ஃபியூனரல் ஹோமில் வியூயிங், கடைசியாக முகம் பார்க்க. உள்ளே போகும் முன் ஜெனிஷா போன் பண்ணினாள். அழுது அழுது குரலே இல்லை.

"ஆன்ட்டி, ரிசல்ட்ஸ் ஆர் அவுட். ஐ காட் தி மார்க்ஸ். இட்ஸ் அன்கண்டிஷனல் நவ்." பிறகு தமிழில்... அவள் தமிழில் பேசி நான் கேட்டதே இல்லை... "அப்பாகிட்ட சொல்றீங்களா?"

பெட்டிக்குள் அவரை ஒரு கோட் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். ஆபீஸுக்குக்கூட அவர் கோட் போட்டதில்லை.

குனிந்து காதருகில் சொன்னேன். "அண்ணா, ஜெனிஷாவுக்கு மெடிக்கல் கெடச்சிடுச்சு. இந்தத் தடவ நெஜமாவே கெடச்சிடுச்சு. கண்டிஷன் எல்லாம் எடுத்துட்டாங்கண்ணா."

இன்று இரவு ஃபிளைட்.

பார்த்துப் போங்கண்ணா. பிள்ளை அங்கே காத்திருப்பாள்.