பியூசிபோம்

குருநகர் மீனவர் சிமியோனின் மூத்த மகள் றொசாந்தி வாயாடி. மீன் சந்தையில் அவளிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் குறைவு.

ஜெரிசன் விடுமுறையில் வந்து அவளைப் பதிவுத் திருமணம் செய்துவிட்டு லண்டன் திரும்பினான். அவளும் அங்கே போக வேண்டுமென்றால் கொழும்பில் ஓர் ஆங்கிலப் பரீட்சையில் தேற வேண்டும். எழுதத் தேவையில்லை. வீடு, குடும்பம், சாப்பாடு என்று கொஞ்சம் பேசினால் போதும். அதற்காகத்தான் நல்லூரில் பஞ்சலிங்கம் மாஸ்டரின் ரியூட்டரிக்கு வந்தாள்.

மாஸ்டருக்கோ சாதாரண ஆங்கிலம் கற்பிப்பது கௌரவக் குறைச்சல். யாரும் பாவிக்காத சொல்லாகப் பார்த்துத் தூக்கிக்கொண்டு வருவார். வந்து, அதை வகுப்பில் ஒருவர் தலையில் கட்டுவார். அப்போதுதான் மறக்காதாம். பெரிய கண்டுபிடிப்பு.

அன்று கரும்பலகையில் எழுதியது பியூசிபோம். நடுப் பருத்து இரு முனையும் ஒடுங்கிய வடிவம்.

“மீனின்ரை உடம்புக்குச் சொல்லுவினம். கிழங்குக்கும் சொல்லலாம். மனிசருக்குப் பாவிக்கிறேல்லை,” என்றார். பிறகு றொசாந்தியைப் பார்த்தார். “ஆனா குருநகரிலையிருந்து எங்களுக்கு ஒண்டு வந்திருக்கு. பிள்ளை, எழும்பி ஒருக்காத் திரும்பி நில்லும்.”

மாஸ்டர் சொல்கிறாரே என்று எழும்பினாள், திரும்பியும் நின்றாள். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. முன்வாங்கில் இருந்த சாருஜா என்பவள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அதன்பின் அவள் வாய் திறந்தாலே பின்வாங்கிலிருந்து அந்தச் சொல் வரும். அவள் பேசுவதை நிறுத்தினாள். மாஸ்டர் அதையும் விடவில்லை. “மீன் கதைக்காதுதானே,” என்றார். வீட்டில் சொன்னால் தகப்பன் வந்து மாஸ்டரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார், வகுப்பும் லண்டனும் சேர்ந்து போய்விடும் என்று பயந்து, எல்லாவற்றையும் மென்று விழுங்கினாள்.

பரீட்சையில் ஒரு வெள்ளைக்காரி அன்பாகத்தான் கேட்டாள், உனக்கு என்ன சாப்பாடு பிடிக்கும் என்று. மீனுக்கு ஆங்கிலம் தெரியாத பிள்ளை குருநகரில் உண்டா? றொசாந்திக்கு நாக்கு எழவில்லை. அந்தப் பெண் தன் இடுப்பைத்தான் பார்க்கிறாள் என்று பட்டது. மிச்சக் கேள்விகளுக்கும் குனிந்தே இருந்தாள். பெயில்.

பின்னேரம் ஜெரிசன் போன் எடுத்தான்.

“என்ன கேட்டவை?”

“என்ன சாப்பாடு பிடிக்குமெண்டு.”

“நீ என்ன சொன்னனி?”

“ஒண்டும் சொல்லயில்லை.”

“பிஷ் எண்டு சொல்லக்கூட ஏலாத உன்னை இஞ்சை கூப்பிட்டு நான் என்ன செய்யிறது? இனிச் சோதினை எடுக்க வேண்டாம். நான் ஒரு லோயரைப் பிடிச்சு இந்தப் பதிவை வெட்டுறன்.”

ஏன் பேசவில்லை என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பாள். அவன் கேட்கவில்லை.

“ஓம்,” என்றாள் றொசாந்தி.