மனசுக்குள் கேட்ட மன்னிப்பு

கண்ணை மூடிக்கொண்டு, முதுகு நிமிர்ந்து, இரண்டு கைகளையும் மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து உட்கார்ந்திருந்தான். நெற்றியில் ஒரு சுருக்கம் இல்லை. செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில், சைக்கிள் கடைக்கு மேலே உள்ள அந்தக் கூடத்தின் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே நான் முதலில் பார்த்தது அந்த முகத்தைத்தான். ஒரு செருப்பை மட்டும் கழற்றியவள் அப்படியே நின்றுவிட்டேன். பத்தொன்பது வருஷமாக நான் நினைத்து நினைத்துப் பார்த்த முகம் அது. என் நினைவில் அது எப்போதும் சிவந்து வியர்த்திருக்கும். இவ்வளவு அமைதியாக அதை நான் கற்பனைகூடச் செய்ததில்லை.

அவன் என் அக்காவின் கணவனாக இருந்தவன். கட்டடங்களுக்குச் சென்ட்ரிங் பலகை அடிக்கும் மேஸ்திரி. வயதில் என்னைவிடப் பத்து வருஷம் மூத்தவன், ஒரு காலத்தில் வாய் நிறைய மாமா என்று கூப்பிட்டிருக்கிறேன். ஆனாலும் இங்கே அவர் என்று எழுத என் கை வரவில்லை. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கல்யாணமான மூன்றாவது வருஷம் அவன் அறைந்த ஓர் அறையில் அக்காவின் இடது காது போயிற்று. காதில் ரத்தத்தோடு அவள் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். போலீசுக்குப் போவோமோ என்று பயந்தானோ என்னவோ, அடுத்த வாரம் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு எங்கள் காலனிக்கு வந்தான். தண்ணீர் டேங்குக்குக் கீழே தெருவே கூடியிருந்தது. தன்னிடம் வேலை செய்த கொத்தனாரோடு அக்காவுக்குத் தொடர்பு என்றும், அதைக் கேட்கப்போய்த்தான் கை நீட்ட வேண்டி வந்தது என்றும் அத்தனை பேர் முன்னால் சொன்னான். ஒரு வார்த்தைகூட உண்மை இல்லை. ஆனால் அவன் சொன்ன விதத்தில் ஒரு தடுமாற்றமும் இல்லை. பெரியவர்கள் தலையாட்டினார்கள். எங்கள் நைனா, அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், குனிந்த தலையை நிமிர்த்தவேயில்லை. அதற்குப் பிறகு அவர் டீக்கடைக்குப் போகவில்லை, கல்யாணம் காரியம் எதற்கும் போகவில்லை. இரண்டு வருஷம் வீட்டுக்குள்ளேயே இருந்தார். பிறகு அதே வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போனோம்.

நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற வேலையில் இருக்கிறேன். நாற்பது வயதுக்கு மேல் என் கை நடுங்க ஆரம்பித்தது. டாக்டர் பிரஷர் என்றார், மாத்திரை கொடுத்தார். நடுக்கம் நிற்கவில்லை. எங்கள் தெருவுக்குப் பக்கத்துத் தெருக்காரரான ஒரு கண்டக்டர் பௌத்தத்துக்கு மாறியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கூடத்தை வாடகைக்கு எடுத்துத் தியானம் நடத்துவார். என் வயதுதான் அவருக்கு. ரத்தம் கொடுக்க வந்த இடத்தில் என் கையைப் பார்த்துவிட்டு, "ஒரு வாரம் வந்து சும்மா உக்காந்து பாருங்களேன்" என்றார். அப்படித்தான் போனேன். அங்கேதான் அவன் இருந்தான்.

திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. அவனுக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்தேன். அவனுக்குப் பயந்து ஓடியதாக இருக்கக் கூடாது என்பது ஒன்று. அவன் இங்கே என்ன பெறுகிறான் என்று பார்த்துவிட வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டாம் மனைவியும் விட்டுப் போய், குடித்துக் குடித்து அவலூர்பேட்டை பஸ் ஸ்டாண்டில் விழுந்து கிடந்தவனைக் கண்டக்டர்தான் தூக்கிக்கொண்டு வந்தாராம். ஒரு வருஷமாகக் குடிக்கவில்லையாம். பக்கத்தில் இருந்தவர்கள் சந்தோஷமாகச் சொன்னார்கள். அந்த முகத்தில் இருந்த அமைதி என் அக்காவுக்குச் சேர வேண்டியது, எங்கள் நைனாவுக்குச் சேர வேண்டியது. அவர்களிடமிருந்து பிடுங்கியவனே அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனிக்கச் சொன்னார் கண்டக்டர். ஜன்னலுக்கு வெளியே ராஜகிரிக் கோட்டை மலையின் பாறைகள் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். நான் அவனுடைய பிடரியைக் கவனித்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் அவனிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கூர்தீட்டினேன். மாதக்கணக்கில் அப்படியே போயிற்று. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் கை நடுக்கம் நின்றது. தியானம் எனக்கு முதலில் கொடுத்தது நிதானமான வெறுப்பைத்தான்.

ஒருநாள் கண்டக்டரிடம், "கோபம் வந்துக்கினே இருந்தா இன்னா பண்றது?" என்று கேட்டேன்.

"வந்திருக்குதுன்னு பாருங்க. கூப்ட்டு சீட் குடுக்காதீங்க, புடிச்சி கீழயும் தள்ளாதீங்க. அதுவா எறங்கற ஸ்டாப்பிங் ஒண்ணு வரும்" என்றார்.

என் கோபம் சீசன் பாஸ் வைத்திருப்பது அவருக்குத் தெரியாது.

தியானத்தின் முடிவில் எல்லோரும் சேர்ந்து வாழ்த்துச் சொல்வோம். நான் நலமாக இருக்கட்டும், எனக்கு வேண்டியவர்கள் நலமாக இருக்கட்டும், முன்பின் தெரியாதவர்கள் நலமாக இருக்கட்டும். கடைசியில், என் பகைவர்களும் நலமாக இருக்கட்டும். அந்த வரி வந்ததும் நான் வாயை மூடிக்கொள்வேன். அவன் உரக்கச் சொல்வான். அவனுக்கு யார் பகைவர் என்று எனக்கு விளங்கவேயில்லை.

பிறகு ஒருநாள் மாடிப்படியில் அவன் எனக்காகக் காத்திருந்தான். நரைத்த தாடி. கண்ணில் நீர் கட்டியிருந்தது.

"பாப்பா, நான் பழைய ஆளு இல்ல. டெய்லி அவகிட்ட மன்னிப்பு கேட்டுக்கினுதான் இருக்கறேன்."

"எப்போ வந்து கேட்ட?"

"மனசுலதான். உக்காரும்போதெல்லாம்."

நான் விறுவிறுவென்று இறங்கிவிட்டேன். வீடு வந்து சேரும்வரை கால் தரையில் படவில்லை. இத்தனை வருஷமாக நான் தேடிக்கொண்டிருந்த, அவனை மடக்கும் கேள்வி கிடைத்துவிட்டது. அதை அவனே எடுத்துக் கொடுத்திருந்தான்.

புத்தர் பிறந்த நாளான வைகாசிப் பௌர்ணமி அன்று காலை கூடம் நிறைந்திருந்தது. பௌத்தர்கள் கடைப்பிடிக்க வேண்டிய ஐந்து சீலங்களையும், அதாவது ஒழுக்க உறுதிகளையும், எல்லோரும் ஒவ்வொன்றாகச் சொல்லி ஏற்றுக்கொண்டார்கள். நான்காவது, பொய் பேசாதிருப்பது. அதை அவன் சொல்லி முடித்ததும் எழுந்து நின்றேன்.

"இவரு சொன்ன பொய் ஒண்ணு எங்க தெருவுல இன்னும் அப்படியே நிக்குது" என்றேன். நடந்ததை முழுதும் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. பிறகு அவன் பக்கம் திரும்பினேன். "மனசுல மன்னிப்பு கேட்டேன்னு சொன்ன. நீ மனசுலயா அடிச்ச? தெருவுல நின்னு பேசனியே, அது மனசுலயா பேசன? எங்க சொன்னியோ அங்க வந்து சொல்லு. அதுவரிக்கும் நீ இங்க கண்ண மூடி உக்கார்றதும் பொய்தான்."

கண்டக்டர் எழுந்து என் பக்கம் வந்தார். "நீங்க கேக்கறது நாயம்" என்றார். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அக்காவுக்காகக் கேக்கறீங்களா, பழி வாங்கறதுக்குக் கேக்கறீங்களா?"

"ரெண்டுக்குந்தான்."

"சரி. நீங்க பொய் சொல்லல" என்றார் அவர்.

அவன் எழுந்து கைகூப்பினான். "வர்றேன்" என்றான். அவன் கை நடுங்கியது. அதைப் பார்க்க எனக்கு இனித்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கண்டக்டரோடு வந்தான். குழாயில் தண்ணீர் வரும் நேரம். தெருவில் பாதிப் பேர் குடத்தோடு நின்றிருந்தார்கள். அந்த நேரத்தை நான்தான் குறித்துக் கொடுத்திருந்தேன். டேங்குக்குக் கீழே நின்று, வாய்க்குள்ளேயே ஏதோ சொன்னான். "சத்தமா" என்றேன். அன்று பஞ்சாயத்தில் தலையாட்டிய பெரியவர் ஒருவர், "முடிஞ்சு போன கதைய இப்போ இன்னாத்துக்குக் கிளர்றீங்க?" என்றார்.

அப்போதுதான் அக்கா வெளியே வந்தாள். வீட்டில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தவள், கழுத்தில் அளவெடுக்கும் டேப்போடு வந்து அவன் முன்னால் நின்றாள்.

"எனக்குக் கேக்கல. அந்தக் காது செத்துப்போச்சு. இப்படி வந்து சொல்லு."

அவன் சுற்றிக்கொண்டு அவளுடைய வலப்பக்கம் வந்தான். "அன்னிக்கு நான் சொன்னது அத்தினியும் பொய். உம் மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் அடிச்சேன்."

"இன்னொரு வாட்டி சொல்லு. அந்தப் பெரியவருக்குக் கேட்டிருக்காது."

மறுபடியும் சொன்னான். பெரியவர் வேறு பக்கம் பார்த்தார்.

"எங்க நைனாவுக்கு யாரு போய்ச் சொல்றது?" என்று அக்கா கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்விட்டாள். மெஷின் ஓடும் சத்தம் மறுபடியும் கேட்டது.

அன்று மதியம் நான் இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டேன். பழிவாங்குவதில் ருசி இல்லை என்று சொல்கிறவர்கள் அதைச் சாப்பிட்டுப் பார்க்காதவர்கள். மறுநாள் காலையில் கண்ணை மூடி உட்கார்ந்தேன். கோபம் வழக்கம்போல வந்தது. ஆனால் அதற்குச் சொல்ல ஒன்றும் இல்லை. பத்தொன்பது வருஷமாகச் சேர்த்த வார்த்தைகள் தீர்ந்துபோயிருந்தன. அந்த இடத்தில் எங்கள் நைனா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அவர் செத்தபோது நான் அழவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு அழுதேன். மூச்சைக் கவனிப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்தது அன்றிலிருந்துதான்.

அக்கா நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள், "என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றாள்.

"கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்ப."

"ஆமா, சொல்லியிருப்பேன். அப்பவும் கேட்டிருக்கணும்."

அவன் இப்போதும் கூடத்துக்கு வருகிறான். ஒருமுறை படியில் நின்று, "இப்பவாவது மனசு ஆறுச்சா பாப்பா?" என்றான். "இல்ல" என்றேன். தலையாட்டிவிட்டு உள்ளே போனான். நானும் போனேன். அவனை மன்னித்துவிட்டதாக என்னால் எழுத முடியாது. அவன் குடித்துவிட்டு வந்தால் சந்தோஷப்படுவேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். ஆறு மாதம் முன்பு பட்டிருப்பேன். இப்போது தெரியவில்லை.

போன பௌர்ணமிக்கு அக்கா தானாகவே என்னோடு கிளம்பி வந்தாள். அவன் அன்று வரவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து, வாழ்த்து வரிகளை ஒவ்வொன்றாகக் கேட்டுச் சொன்னாள். கடைசி வரியில் நான் வழக்கம்போல வாயை மூடிக்கொண்டேன். அவள் நிறுத்தவில்லை. என் பகைவர்களும் நலமாக இருக்கட்டும் என்று தெளிவாகச் சொன்னாள்.

வெளியே வந்ததும் எனக்குத் தாங்கவில்லை. "அவனுக்காகவா சொன்ன?" என்று கேட்டேன்.

"அவன் நெனப்பே வர்ல" என்றாள். "பகையாளின்னு சொன்னதும் என்ன ஒரு வார்த்த கேக்காத உம் மொகந்தான் வந்துச்சு."

அவள் குரலில் கோபம் இல்லை. படி செங்குத்தாக இருந்ததால் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் இறங்கினோம்.